ஊரெல்லாம் கேட்ட புலம்பல்

என் கணவர் மேடையில் தாலி அறுத்து அழுததைப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. அயலூர்க்காரர்கள்கூட வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். பார்க்காதவள் நான் ஒருத்திதான்.

மாங்குளத்திலிருந்து உள்ளே போகிற ரோட்டில், ஒரு குளத்தை நம்பியிருந்த சின்ன ஊர் எங்களுடையது. அந்த ஊருக்கென்று ஓர் இசை நாடகம் இருந்தது. 'குளங்காத்த ராசா' என்று பெயர். பெருமழை பெய்த ஒரு மாரியில், குளக்கட்டு உடைந்துவிடாமல் காக்கப் போன ராசா வெள்ளத்தோடு போய்விடுகிறான். ராணி குளக்கட்டின் மேல் நின்று புலம்புகிறாள். கதை இவ்வளவுதான், மிச்சமெல்லாம் பாட்டு. பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுவார்கள். எங்கள் வீட்டுக்காரர்தான் ராணி. பகல் முழுக்கச் சேற்றுக்குள் நிற்கிற மனுஷன், முகத்தைச் சவரம் செய்து சீலையைக் கட்டினால், பெண்களே கண் வைக்கிற அழகு என்பார்கள்.

நான் கலியாணம் கட்டி வந்த மறுவாரமே மாமி சட்டம் போட்டுவிட்டா. "கட்டினவன் தாலி அறுத்து அழுகிறதைக் கட்டினவள் பாக்கக்கூடாது. கேக்கவும் கூடாது." ஊரிலும் அதுதான் வழக்கம். வேஷம் கட்டுகிறவனின் பெண்சாதி மற்ற எந்த நாடகத்தையும் பார்க்கலாம், இதை மட்டும் பார்க்கக்கூடாது. நாடகம் போடுகிற நாளில் மத்தியானச் சாப்பாட்டோடு என்னை மாமியின் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது அடுத்த ஊர். அங்கே இருந்து பலகாரம் தின்றுவிட்டு அடுத்த நாள் திரும்பி வருவேன். புலம்பல் பாட்டை வீட்டுக் கூரைக்குக் கீழே பாடவும் கூடாது என்பதால் ஒத்திகையெல்லாம் குளக்கட்டில்தான் நடக்கும். காற்று எங்கள் பக்கம் அடித்தால் ஓர் இழுவை கேட்கும். சொல் கேட்காது.

எனக்குக் கோபம் வராமல் இருக்குமா? கிணற்றடியில் நிற்கிற பெண்கள் எல்லாருக்கும் அந்தப் பாட்டுப் பாடம். நான் வாளியோடு போனால் உடனே வாயை மூடிவிடுவார்கள். சிலர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். "என்னடி சிரிப்பு?" என்று கேட்டால், "ஒண்டுமில்லை அக்கா." என் புருஷனின் பாட்டு, அதில் எனக்கு மட்டும் பங்கில்லை.

ஒரு பங்கு இருந்தது என்று சொல்லலாம். முல்லைத்தீவில் சீலைக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி, முஸ்லிம் ஆள், இந்த நாடகத்தின் மேல் பைத்தியமாக இருந்தார். எங்கே போட்டாலும் வந்துவிடுவார். புலம்பல் நடக்கும்போது எழுந்து மேடைக்குப் போய் ராணிக்கு ஒரு புதுச் சீலை கொடுப்பார். அந்தச் சீலைகளை எல்லாம் உடுத்தது நான். ஒருமுறை மாங்குளம் சந்தியில் கண்டபோது, "ராணிக்கு எடுத்த சீலை உங்களுக்கு நல்லா எடுப்பா இருக்குது தங்கச்சி" என்றார். ஏசுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

எழுபத்தொன்பதாம் வருஷம் கொழும்பிலிருந்து படம் எடுக்கிற ஆட்கள் வந்தார்கள். நாடகத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டு, இதைப் படமாக்கப் போகிறோம் என்றார்கள். நடிப்பதற்குக் கொழும்பிலே ஆட்கள் இருந்தார்கள். ராணிக்கு உண்மையான பெண். ஆனால் புலம்பலுக்கு என் கணவரின் குரல் வேண்டுமாம். இவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாட வைத்தார்கள். அதே நாளில் ரேடியோவில் பாடுகிற ஒரு அம்மாவையும், கொழும்பில் எழுதின வரிகளில், அதே புலம்பலைப் பாட வைத்திருக்கிறார்கள். இவர் திரும்பி வந்து சொன்னது அவ்வளவுதான். "ரெண்டையும் எடுத்து வைச்சிருக்கினம். எதைப் போடுவினமோ தெரியாது."

அந்த மாரிக்கு இவருடைய குரல் அடைத்தது. கைமருந்து, கசாயம் எல்லாம் பார்த்தோம். கடைசியில் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் தொண்டையில் இருந்த கட்டியை வெட்டி எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, அதற்கு நான் வைத்த நேர்த்திக்கடன்களை இன்றைக்கும் செய்து முடிக்கவில்லை. ஆனால் குரல் போய்விட்டது. பேசினால் காய்ந்த ஓலையை இழுக்கிற மாதிரிச் சத்தம். பாட்டு முடிந்தது. அவருடைய ராணி இல்லாமல் நாடகம் போட யாருக்கும் மனம் வரவில்லை. நாடகமும் நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்றைக்காவது ஒருநாள் கேட்கலாம் என்று நான் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். மாமி கண் மூடிய பிறகு, பிள்ளைகள் வளர்ந்த பிறகு, எப்போதாவது. இனி அந்தப் பாட்டு இருக்குமென்றால் அந்தப் படத்துக்குள்தான் இருக்க வேண்டும். அதுவும் ரேடியோ அம்மாவின் குரலைப் போட்டிருந்தால் இல்லை.

படம் வருமா வராதா என்று ஒரு வருஷம் போயிற்று. அந்த ஒரு வருஷமும் எங்கள் வீட்டு முற்றத்தில் சண்டைதான். ஆர்மோனியக்காரர் வருவார். நாடகத்தின் பாட்டு முழுவதும் அவருடைய விரலில் இருந்தது. அவருக்குப் படம் என்றாலே கசப்பு. மிருதங்கம் வாசிக்கிற தம்பியும் வருவான். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் ஊரில் காடு வெட்டிக் குடியிருந்தவன். தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில் டவுனுக்கு வந்த படம் ஒன்றையும் விடாமல் பார்த்தவன். அவனுக்குப் படம் என்றால் உயிர். சீலைக்கடை முதலாளி வியாபாரத்துக்கு இந்தப் பக்கம் வந்தால் அவரும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்வார். நான் குசினியில் இருந்து தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தே களைத்துப்போனேன்.

"ஆறு மணித்தியால நாடகத்தை ரெண்டரை மணித்தியாலத்துக்கு வெட்டினால் மிஞ்சிறது எலும்புதான்" என்பார் ஆர்மோனியக்காரர். "கோமாளியைத் தூக்கிவிடுவாங்கள். ராசா கட்டு பாக்கப் போற நடைப்பாட்டைத் தூக்கிவிடுவாங்கள். பிறகென்ன கிடக்கு?"

"வெள்ளம் கெடக்கு அண்ணே!" என்பான் மிருதங்கக்காரன். "நம்ம மேடையில ரெண்டு பேரு நீலச் சீலையப் புடிச்சு ஆட்டுறோம், அதுவா வெள்ளம்? படத்துல நெசமான வெள்ளம் வரும். நெசமான யானை வரும். பாருங்க, அழுதுருவீங்க."

"நீலச் சீலைக்கு அழுத சனமடா இது."

"அந்த நீலச் சீலை என்ட கடைச் சீலை" என்று முதலாளி நடுவில் புகுவார். அவருடைய கவலை வேறு. "அதை விடுங்க. ராணிக்கு என்ன சீலை உடுத்தி இருக்காங்களோ? கொழும்பான் நைலெக்ஸைச் சுத்தி விட்டிருந்தா நான் எழும்பி வந்துருவன்."

இப்படியே போகும். எங்கள் வீட்டுக்காரர் கதிரையில் சாய்ந்திருந்து எல்லாவற்றையும் கேட்பார். யாராவது நியாயம் கேட்டால் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டுவார். எந்தச் சண்டையும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: புலம்பல் யாருடைய குரலில்? அந்த இடம் வந்ததும் எல்லாரும் சத்தத்தைக் குறைப்பார்கள், இவரைப் பார்ப்பார்கள், பிறகு குசினி வாசலில் நிற்கிற என்னைப் பார்ப்பார்கள்.

"பாட்டு நல்லதோ கூடாதோ, எனக்கு அந்த ஒண்டைக் கேட்டால் போதும்" என்று ஒருநாள் நான் வாய் விட்டே சொல்லிவிட்டேன். ஆர்மோனியக்காரர் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டார்.

எண்பத்தொன்றில் ஒரு காலை, கிளிநொச்சிக்குப் போய் வந்த பஸ்காரன் செய்தி கொண்டுவந்தான். படம் வந்துவிட்டது! அங்கத்தைத் தியேட்டரில் வெள்ளிக்கிழமை தொடங்குகிறதாம். அவன் ஒரு போஸ்டரையும் சுருட்டிக் கொண்டுவந்திருந்தான். விரித்துப் பார்த்தால் ராசாவைக் காணவே காணோம். ராணி மட்டும் நனைந்த சீலையோடு நிற்கிறாள். நாடகத்தின் பெயரும் இல்லை, ஏதோ காதல் படப் பெயர். ஆர்மோனியக்காரர் போஸ்டரைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். "நான் சொன்னனான்" என்றார். மிருதங்கக்காரன் போஸ்டரின் மூலையில் விரலை வைத்தான். அங்கே தூரத்தில், பெருவிரல் அளவுக்கு ஒரு யானை நின்றது.

அடுத்த பிரச்சினை மாமி. நான் போகலாமா? வழக்கம் படத்துக்கும் உண்டா? ஆர்மோனியக்காரர் மாமிக்கு முன்னால் நிலத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்து வழக்குப் பேசினார். "மேடையில தாலி அறுத்தது உங்கட மகன். படத்தில அறுக்கிறது கொழும்புப் பெட்டை. இவரின்ர பங்கு குரல் மட்டும்தான். குரலுக்கு ஆர் தாலி கட்டினது, சொல்லுங்கோ?"

மாமி வெற்றிலையை மென்று முடிக்கும் வரை யோசித்தா. "அந்தப் பெட்டை கலியாணம் கட்டினவளோ?"

"இல்லையாம்."

"அப்ப அவள் பாடு. இவள் போகட்டும்" என்றா. எனக்கு மாமியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அப்படி வழக்கமில்லை. வெற்றிலை இன்னும் இரண்டு மடித்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியவே உழவு இயந்திரம் பின்னால் இழுக்கிற பெட்டிக்குள் வைக்கோல் போட்டு, அதன்மேல் பாய் விரித்து, அரைவாசி ஊர் ஏறிவிட்டது. பிள்ளைகளை மாமியிடம் விட்டேன். பெட்டிக்குள் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். புளிச்சோறும் சம்பலும் பொதி பொதியாகக் கிடந்தன. ரோட்டில் விழுந்து எழும்பிப் போகிற வழி முழுக்க நாடகப் பாட்டுத்தான். ராசாவின் பாட்டு, மந்திரியின் பாட்டு, கோமாளியின் பாட்டு எல்லாம் பாடினார்கள். ராணியின் புலம்பலுக்கு வருகிற இடத்தில் மட்டும் எல்லாரும் இருமினார்கள். எனக்குச் சோற்றுப் பொதியை அவிழ்க்கவே மனமில்லை. பரீட்சை எழுதப் போகிற பிள்ளைக்குக்கூட அப்படி இருந்திருக்காது.

தியேட்டர் வாசலில் முதலாளி எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றார். கையில் கடதாசியில் சுற்றிய ஒரு பார்சல். "என்ன முதலாளி?" என்று கேட்டேன். "சும்மா, கைப்பழக்கம்" என்றார்.

பகல் காட்சி தொடங்கியது. பெயர்கள் ஓடின. ஒவ்வொரு பெயரையும் மிருதங்கக்காரன் எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தான். பாடியவர்கள் என்று ஐந்து பெயர் வந்தது. இவருடைய பெயர் இல்லை. ரேடியோ அம்மாவின் பெயர் இருந்தது. முன்னால் ஆண்கள் பக்கத்தில் இவருடைய பிடரி தெரிந்தது. அது அசையவில்லை. எனக்குக் கண் கலங்கி, படத்தின் முதல் கால் மணித்தியாலம் என்ன நடந்தது என்றே தெரியாது.

பிறகு மெல்ல மெல்லப் பார்த்தேன். கோமாளியைத் தூக்கித்தான் இருந்தார்கள். நாடகத்தில் இல்லாத ஒரு கனவு நடனம், பூந்தோட்டத்தில், ராசா கறுப்புக் கண்ணாடி போடாத குறை. எங்கள் ஆட்கள் ஊவென்று கத்தினார்கள். ஆனால் மழை தொடங்கியதும் எல்லாரும் அடங்கினார்கள். எங்கள் பக்கத்துக் குளம் மாதிரியே ஒரு குளம். குளக்கட்டில் மண் மூட்டை அடுக்குகிறார்கள். தண்ணீர் சிவந்து, மரத்தை வேரோடு உருட்டிக்கொண்டு வருகிறது. யானை பிளிறுகிறது. ஆர்மோனியக்காரர் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார். "கட்டு போகுது, கட்டு போகுது!" என்று அவர் கத்தியதை நான் என் காதால் கேட்டேன். பின்னால் இருந்தவர்கள் ஏசித்தான் அவரை இருத்தினார்கள்.

ராசா போனான். மழை விட்டது. ராணி குளக்கட்டில் வந்து நின்றாள். வயலின்கள் ஒரு கூட்டமாக அழுதன. அவள் வாயைத் திறந்தாள்.

முதல் வரி எனக்குப் பிடிபடவில்லை. தியேட்டர் ஒலிபெருக்கி கொரகொரவென்றது, வயலின் வேறு. பெண்குரலா, பெண்ணாகப் பாடுகிற ஆண்குரலா? ஆர்மோனியக்காரர் கையைத் தூக்கி, எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். இரண்டாவது வரி. மூன்றாவது. பிறகு இது வந்தது:

ஈர வேட்டியோட நில்லாதையுங்கோ எண்டு
எத்தினை தரம் சொன்னேன் ராசா – அந்த
ஈரத்தோடயே போனீரோ…

அது நான் சொன்னது. இவர் வயலில் இருந்து நனைந்து வந்து, உடுப்பு மாற்றாமல் முற்றத்தில் நின்று ஊர்க்கதை பேசுவார். தடிமன், காய்ச்சல் பிடிக்கும் என்று நான் கத்துவேன். பன்னிரண்டு வருஷமாக, மாரிக்கு மாரி கத்தியிருக்கிறேன். எந்த ராணி ராசாவிடம் போய் ஈர வேட்டி என்று சொல்லுவாள்?

சேத்துக் காலோட உள்ள வராதையுங்கோ எண்டு
செல்லமாய் ஏசினேன் ராசா – இனிச்
சேத்துக் காலோட ஒருக்கா வாருமையா…

செல்லமாகவா ஏசினேன்? அகப்பையை எறிந்திருக்கிறேன். செல்லத்தை அவர் சேர்த்திருக்கிறார்.

எங்கள் ஊர்ச் சனம் முழுவதும் கதிரையில் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிணற்றடிப் பெண்கள் வாயில் சீலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எல்லாக் காலமும் தெரிந்திருக்கிறது. ரேடியோ அம்மாவுக்கு என் வீட்டு வாசல் சேறு தெரியுமா? பெயர் போடாவிட்டால் என்ன, குரல் அவருடையது. முழுக்கத் திறந்த, ஒரு பழுதும் இல்லாத குரல். நான் ஓவென்று அழுதேன். பாட்டு முடிந்ததும் அழுகையோடு எழுந்து நின்று, நான், ஒரு பெண், அத்தனை சனத்துக்கு நடுவே, "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினேன்.

அதன் பிறகு தியேட்டரில் அந்தச் சொல்லைத் தவிர வேறு சத்தமே இல்லை. எங்கள் ஊர் முழுக்கக் கத்தியது. எங்களை முன்பின் தெரியாத கிளிநொச்சி ஆட்களும் கத்தினார்கள். மிருதங்கக்காரன் படம் ஓட்டுகிற அறைக்கு ஓடினான். அங்கே என்ன சொன்னானோ, காலில் விழுந்தானோ, படம் நின்றது. இருட்டுக்குள் காத்திருந்தோம். திரும்பவும் ராணி குளக்கட்டில் வந்து நின்றாள்.

இந்த முறை 'ஈர வேட்டி' வந்ததும், முதலாளி பார்சலைப் பிரித்துக்கொண்டு எழுந்தார். பழக்கதோஷம். நேரே நடந்து திரைக்கு முன்னால் போய், மஞ்சள் கரை போட்ட பச்சைச் சீலையை இரண்டு கையாலும் ராணிக்கு நீட்டிக்கொண்டு நின்றார். ராணியின் முகம் அவருடைய தொப்பியிலும் முதுகிலும் விழுந்தது. "மறைக்குது, இரு! இரு!" என்று சனம் கத்தியது. அவர் விழித்தார். வாங்க ஆளில்லை. என் கணவர் இருந்த பக்கம் திரும்பினார். இவர் தலையை ஆட்டி, கையால் பெண்கள் பக்கத்தைக் காட்டினார். முதலாளி வரிசைகளைத் தாண்டி வந்து சீலையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

வெளியே வந்ததும் முற்றத்துச் சண்டை ரோட்டில் தொடர்ந்தது. "கோமாளியைக் கொன்று போட்டாங்கள்" என்றார் ஆர்மோனியக்காரர். "ஆனால் வெள்ளம் வெள்ளம்தான், அதை நான் ஒத்துக்கொள்ளுறன்." மிருதங்கக்காரன் ராசாவின் நடைப்பாட்டைத் தூக்கியதற்காகப் படக்காரரைக் கெட்ட வார்த்தையால் ஏசினான். இரண்டு பேரும் கட்சி மாறிவிட்டார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

நான் அவர்களை விட்டு இவரிடம் போனேன். வாகை மரத்துக்குக் கீழே தனியாக நின்றார். முகம் முழுக்க ஒரு வெட்கம்.

"எப்ப இருந்து இது?" என்றேன்.

"நீ வந்த முதல் மாரியில இருந்து." அந்தக் காய்ந்த குரலில் சொன்னார். "ஒவ்வொரு முறையும் ஒண்டு ரெண்டு புதுசாப் போடுவன். சனம் எதிர்பாத்துக்கொண்டிருக்கும்."

"நான் சொல்லுற ஒண்டும் உங்கட காதில ஏறுறேல்லை எண்டெல்லோ நான் இருந்தன்? ஊருக்கெல்லாம் தெரியும். எனக்கு ஏன் சொல்லேல்லை?"

அவர் நிலத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சொன்னால் ஏசுறதை விட்டிடுவாய் எண்டு பயம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கும் சந்தோஷத்துக்கும் அளவில்லை. புதுச் சீலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்த இடத்திலேயே, அத்தனை சனத்துக்கும் முன்னால், மூச்சு விடாமல் அவரை ஏசினேன். அவர் தலையைச் சாய்த்து, ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.